மண்குவளையில் தேநீர் குடித்த பந்துவீச்சாளர்

பொங்கல் கழிந்தால் மரக்காணம் உப்பளக் கரையில் இரண்டு காரியங்கள் ஒன்றாகத் தொடங்கும். மழைத்தண்ணீர் வடிந்த பாத்திகளைச் சீர்செய்ய ஆட்கள் இறங்குவார்கள். அறுவடை முடிந்த வயலிலும் காய்ந்த ஏரியிலும் பையன்கள் கிரிக்கெட் போட்டி நடத்துவார்கள். காலனி அணிகள் பலவற்றின் பனியனில் அண்ணல் அம்பேத்கரின் படம் இருக்கும். அந்த அண்ணலே இளம் வயதில் கொண்டாடிய கிரிக்கெட் வீரர் ஒருவர் இருந்தார். அவரும் நம்மைப் போலத் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்தான். பின்னாளில் அதே அண்ணலை எதிர்த்து அவர் தேர்தலில் நின்றார். அவர் பெயர் பல்வாங்கர் பாலு. நம் பிள்ளைகள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாலு 1870களின் நடுவில் தார்வாரில் பிறந்தார். கொங்கண் கரையில் உள்ள பல்வன் என்னும் ஊர் அவர் குடும்பத்தின் பூர்வீகம். தோல் வேலையோடு கட்டிப்போடப்பட்ட சமார் சாதி. அப்பாவுக்கு ராணுவத்தைச் சார்ந்த பிழைப்பு. அதனால் குடும்பம் புனேயில் தங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிக் கழித்துப்போட்ட மட்டையும் பந்தும்தான் பாலுவுக்கும் தம்பிமாருக்கும் முதல் விளையாட்டுச் சாமான். சிவராம், கண்பத், விட்டல் என்று மூன்று தம்பிகள். மூவருமே பிற்காலத்தில் பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் ஆனார்கள்.

பாலு மைதானத்துக்குள் நுழைந்தது ஆட்டக்காரராக அல்ல, கூலியாளாக. புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்கி உருளை ஓட்டும் வேலை. மாதம் 3 ரூபாய் சம்பளம். சில ஆண்டுகளில் வெள்ளைக்காரர்களின் புனே கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, உருளை இழுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. துரைமார்கள் மட்டைப் பயிற்சி எடுக்கும்போது பந்து போட ஆள் வேண்டும். அந்த வேலையும் அவருக்கே வந்தது. கிரெய்க் என்ற அதிகாரி, தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுப்பார் என்று சொல்வார்கள். நாள்தோறும் மணிக்கணக்காகப் பந்து போட்டுப் போட்டு, இடது கையால் மெதுவாக வீசிச் சுழற்றும் கலையில் பாலு கைதேர்ந்தார். ஆனால் அந்த கிளப்பில் அவர் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. பந்து போடுவது வேலைக்காரனின் காரியமாகவும் மட்டை பிடிப்பது எசமானின் காரியமாகவும் இருந்த காலம் அது.

வெள்ளைக்காரர் அணியைத் தோற்கடிக்க வேண்டும் என்று புனே இந்துக்களுக்கு ஆசை வந்தது. அதற்கு நல்ல பந்துவீச்சாளர் வேண்டும். ஊரிலேயே சிறந்தவர் பாலு என்பது எல்லோருக்கும் தெரியும். அவரைச் சேர்த்தால் சாதி ஆசாரம் என்ன ஆவது என்று பிராமண உறுப்பினர்கள் தயங்கினார்கள். தெலுங்கு உறுப்பினர்கள் அவரைச் சேர்க்கச் சொல்லி வாதாடினார்கள். கடைசியில் வெற்றி மேல் இருந்த ஆசை ஆசாரத்தை மிஞ்சியது. பாலு அணிக்குள் வந்தார்.

உள்ளே வந்தபின் நடந்ததை நம் ஊர்க்காரர்கள் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை மற்ற பத்துப் பேரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் அந்தப் பத்துப் பேரும் கட்டடத்துக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்குவளையில் தேநீர் வந்தது. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. முகம் கழுவத் தண்ணீர் ஊற்றவும் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த வேலைக்காரர் ஒருவர்தான். நம் பகுதித் தேநீர்க் கடைகளில் நம் தாத்தாமார்கள் பார்த்த இரட்டைக் குவளையின் அண்ணன்தான் அந்த மண்குவளை.

பாலு விக்கெட்டுகளைச் சாய்த்துக்கொண்டே போனார். புனே இந்துக்கள் வெள்ளைக்காரர்களை வென்றார்கள். பிறகு சாதாராவிலும் வென்றார்கள். வெற்றிகள் குவியக் குவியச் சாப்பாட்டு மேசையில் இருந்த பிரிவு மெல்லத் தளர்ந்தது. ஒருவரோடு சேர்ந்து ஆடலாம், சேர்ந்து உண்ணக் கூடாதா என்ற கேள்வி படித்தவர்கள் நடுவே எழுந்தது. நீதிபதி ரானடே போன்ற சீர்திருத்தக்காரர்கள் பாலுவைப் பொதுவில் பாராட்டினார்கள்.

1890களின் பிற்பகுதியில் புனேயைப் பிளேக் நோய் தாக்கியது. பாலு பம்பாய்க்குப் பெயர்ந்து ரயில்வே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பம்பாயில் கிரிக்கெட் மத அடிப்படையில் பிரிந்து கிடந்தது. வெள்ளையர் அணி, பார்சி அணி, இந்து அணி, பின்னால் முஸ்லிம் அணி. கோயிலுக்குள் விடாத இந்துக்கள் மைதானத்தில் பாலுவைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பினார்கள். 1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் வெள்ளையர்களும் மோதிய ஆட்டத்தில் இந்துக்கள் 242, 160 ரன்கள் எடுத்தார்கள். வெள்ளையர்கள் 191, 102 ரன்களில் சுருண்டார்கள். 109 ரன்னில் வெற்றி. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பாலு 8 விக்கெட் எடுத்தார். ஆண்ட இனத்தை ஆளப்பட்டவர்கள் வென்ற அந்த நாளை நாடே பேசியது. ஆளப்பட்டவர்களுக்குள்ளும் மிதிக்கப்பட்டவர் அந்த வெற்றிக்குக் காரணமானவர்களில் முதன்மையானவராக நின்றார்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் எல்லா ஆட்டங்களையும் சேர்த்து 114 விக்கெட் சாய்த்தார். லெஸ்டர்ஷையர் அணியை வென்ற ஆட்டத்தில் மட்டும் 11 விக்கெட். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. தோளில் வலி வேறு. அவர் திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு நடத்தினார்கள். அங்கே வாழ்த்து மடலை வழங்கியவர் இருபது வயது மாணவர் ஒருவர். அவர்தான் பீமாராவ் அம்பேத்கர்.

இத்தனைக்குப் பிறகும் அணித்தலைமை பாலுவுக்குக் கிடைக்கவில்லை. 1913இல் பிராமணரான எம்.டி.பாய் தலைவர் ஆனார். மூத்தவரும் மேலானவருமான பாலுவுக்கே அந்தப் பொறுப்பு உரியது என்று பாயே வெளிப்படையாகச் சொன்னார். தேர்வுக்குழு மசியவில்லை. 1920இல் பாலுவை அணியிலேயே சேர்க்கவில்லை. தலைமைக்கும் தம்பி விட்டலைத் தாண்டிப் பிராமணர் ஒருவரைத் தேர்ந்தார்கள். இந்த முறை சகோதரர்கள் பொறுத்துப் போகவில்லை. சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகி, சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டதைப் பொதுமக்கள் முன் அறிக்கையாக வைத்தார்கள். நாடு விடுதலையைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அறிக்கை தைத்தது. பாலு துணைத் தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். பாய் களத்தை விட்டு விலகி நின்ற நேரத்தில் அவர் அணியை நடத்தவும் செய்தார். 1923இல் விட்டல் முழுத் தலைவராகி வெள்ளையர்களுக்கு எதிராக அணியை வெற்றிபெறச் செய்தார். அண்ணனுக்கு மறுத்ததைத் தம்பிக்குத் தரும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது விக்கெட்டுகள் மட்டும் அல்ல. விலகி நின்ற அந்தத் துணிவுதான் பாதிக்கு மேல்.

அடுத்த பகுதி நம்மில் பலருக்குக் கசக்கும். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

பாலு காந்தியாரிடம் ஈடுபாடு கொண்டார். இந்துக்களோடு இருந்தபடியே உரிமை பெறலாம் என்று நம்பினார். தன் வாழ்க்கையே அதற்குச் சாட்சி என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். மண்குவளை பீங்கான் கோப்பையாக மாறியதைக் கண்ணால் கண்டவர் அவர். அம்பேத்கரோ, தனித்தனி மனிதர்களின் மனமாற்றத்தை நம்பி ஒரு சமூகம் காத்திருக்க முடியாது, சட்டமும் அதிகாரப் பங்கும் வேண்டும் என்றார். 1932 ஆகஸ்டில் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி அறிவித்தது. அதாவது, நம் பிரதிநிதியை நம் மக்களே தனியாகத் தேர்ந்தெடுப்பது. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதி போய், எல்லோரும் வாக்களிக்கும் பொதுத்தொகுதியில் இட ஒதுக்கீடு வந்தது. மாகாண சட்டசபைகளில் மொத்தம் 148 இடங்கள். அதில் சென்னை மாகாணத்துக்கு 30. கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர் இருக்கிறார், எம்.சி.ராஜா இருக்கிறார், நம் பக்கத்து மதுராந்தகம் பகுதிக் கோழியாளத்தில் பிறந்து தென்னாப்பிரிக்கா வரை சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றித் திரும்பிய இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார். பாலுவும் இருக்கிறார்.

1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தபோது பாலு அதை எதிர்த்தார். 1937 தேர்தலில் பம்பாயின் ஒரு தொகுதியில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் அவரை நிறுத்தியது. அம்பேத்கரைத் தோற்கடிக்க அவர் வாழ்த்து மடல் வழங்கிய வீரரையே தேடிப்பிடித்தார்கள். அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள். பாலுவுக்கு 11,225. அண்ணல் வென்றார்.

அந்தத் தேர்தலில் நம் மக்களின் தேநீர்க் கடைகளிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் என்ன விவாதம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாலு போட்ட பந்தைக் கண்டு ஆர்ப்பரித்தவர்கள் அவருக்கு வாக்களிப்பதா, அம்பேத்கருக்கு வாக்களிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆட்டத்தை ரசிப்பது வேறு, அரசியலை ஏற்பது வேறு என்று போதுமான பேர் பிரித்துப் பார்த்தார்கள்.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. அங்கே கிரிக்கெட்டின் இடத்தில் பேஸ்பால். கறுப்பின மக்கள் பல பத்தாண்டுகள் பெரிய அணிகளுக்குள் நுழைய முடியாமல் தங்களுக்கென்று தனிப் போட்டிகள் நடத்தி வந்தார்கள். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி அந்தச் சுவரை உடைத்தார். அதற்கு முன் 1944இல் ராணுவத்தில் இருந்தபோது, பேருந்தில் பின்னிருக்கைக்குப் போக மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலை ஆனவர் அவர். அதே ராபின்சன் 1960 அதிபர் தேர்தலில் நிக்சனை ஆதரித்தார். கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் கென்னடியின் பக்கம் போனார்கள். ஆனால் அந்தக் கருத்து வேறுபாட்டுக்காக ராபின்சனை யாரும் வரலாற்றிலிருந்து அழிக்கவில்லை. அவர் அணிந்த 42ஆம் எண்ணை 1997இல் எல்லாப் பெரிய அணிகளும் அவருக்காகவே ஒதுக்கி வைத்தன.

நாம் பாலுவுக்கு அப்படிச் செய்யவில்லை. அம்பேத்கரை எதிர்த்தவர் என்பதால் நம் இயக்க மேடைகள் அவரைத் தவிர்த்தன. தலித் என்பதால் கிரிக்கெட் வரலாறு அவரை ஓரத்தில் வைத்தது. முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, ஒரு விக்கெட்டுக்கு ஏறக்குறைய 15 ரன். இந்தக் கணக்கை வைத்திருந்த ஒருவரைத்தான் இரண்டு பக்கமும் மறந்தோம். அவருடைய அரசியலை நான் ஏற்கவில்லை. பொதுத்தொகுதியில் நம் பிரதிநிதிகள் எவ்வளவு தூரம் நமக்காகப் பேச முடிகிறது என்பதை இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மண்குவளையில் தேநீர் குடித்துக்கொண்டே வெள்ளைக்காரனை வீழ்த்திய ஒரு மனிதரைத் துரோகி என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 1 அன்று, தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்திருந்தது. பொதுக் கடையில் தனிக்குவளை வைப்பது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பாலுவின் பந்து அவர் ஒருவருக்கு வாங்கித் தந்த கோப்பையை, அம்பேத்கரின் வழி எல்லோருக்குமான சட்டமாக மாற்றியது. இருவரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இது விளங்கும்.

சட்டம் வந்து எழுபது ஆண்டு ஆகிறது. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் போவதில் எழுந்த தகராறில் 2023 ஜூனில் கோயிலையே பூட்டி முத்திரை வைத்தார்கள். விளையாட்டு மைதானம் மட்டும் இதற்கு விலக்காக இருக்குமா? ஊர்த்தெருப் பையன்களும் காலனிப் பையன்களும் ஒரே அணியில் ஆடும் இடங்கள் இருக்கின்றன, மகிழ்ச்சிதான். தம்பிமார்களே, அந்த அணியில் தலைவர் யார், தண்ணீர்க் குடம் தூக்குபவர் யார், ஆட்டம் முடிந்து யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார முடிகிறது என்று கவனியுங்கள். வேறுபாடு தெரிந்தால் சிவராமும் விட்டலும் 1920இல் செய்ததைச் செய்யுங்கள். காரணத்தை எல்லோர் முன்னும் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். இந்த ஆண்டு உங்கள் போட்டியில் சிறந்த பந்துவீச்சாளருக்குக் கொடுக்கும் கோப்பைக்குப் பல்வாங்கர் பாலுவின் பெயரை வையுங்கள். யார் அவர் என்று கேட்பவர்களுக்கு முழுக்கதையையும், 1937 தேர்தலையும் சேர்த்தே, சொல்லுங்கள்.