பினாங்கு டாக்டரும் பதினொரு நாடுகளும்

மலேசிய மண்ணில் பிறந்து உலக மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்தவர் யார் என்று மாணவர்களிடம் நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் பதில் வராது. கோவிட் காலத்தில் முகக்கவசத்தைப் பற்றிப் பேசியபோது டாக்டர் வு லியன் தேயின் பெயர் சற்றே அடிபட்டது. பிறகு அதுவும் மறந்துபோனது. என்னைக் கேட்டால், முகக்கவசத்தைவிடப் பெரிய சாதனை ஒன்று அவருக்கு உண்டு. ஒருவரை ஒருவர் நம்பாத நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுகூடி ஒரே கேள்விக்கு விடை தேடியபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்.

வு 1879 மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த வு, 1896இல் போட்டித் தேர்வு எழுதி, அரசாங்கம் வழங்கிய குயின்ஸ் உபகாரச் சம்பளத்தை வென்றார். அதைக் கொண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவல் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். பட்டம் பெற்றதோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல், ஜெர்மனியின் ஹாலே, பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கழகம் என்று மூன்று இடங்களில் கிருமியியலும் வெப்பமண்டல நோய்களும் கற்றார். நான் கவனிப்பது இதைத்தான்: 24 வயதிற்குள் மூன்று நாட்டு ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் முறை அவருக்குப் பழகிவிட்டது.

1903இல் தாயகம் திரும்பியவருக்கு ஏமாற்றமே காத்திருந்தது. காலனித்துவ மருத்துவச் சேவையின் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கு மட்டும்தான். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சிறிது காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பிறகு பினாங்கில் சொந்த மருந்தகம் நடத்தினார். அபினுக்கு எதிராகவும் தீவிரமாகப் போராடினார். 1908இல் சீனாவின் தியான்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் விநோதமான கொள்ளைநோய் பரவியது. டிசம்பரில் வு ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். இறந்த ஒரு பெண்ணின் உடலைப் பரிசோதித்தபோது பிளேக் கிருமி கிடைத்தது. ஆனால், இது எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் பிளேக் அன்று. மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்குத் தாவும் நுரையீரல் பிளேக் என்று அவர் கூறினார். மூத்த மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. அவர்களில் ஒருவரான பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கச் சென்று சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பிறகே வு வடிவமைத்த, பஞ்சை உள்ளே வைத்த வலைத்துணிக் கவசத்தை எல்லாரும் அணியத் தொடங்கினர். மண் உறைந்துபோனதால் புதைக்க முடியாமல் கிடந்த 2,000க்கும் மேற்பட்ட உடல்களை, அரசரின் அனுமதி பெற்று எரித்தார். மார்ச் மாதத்தில் ஹார்பினில் நோய் அடங்கியது. அதற்குள் அந்த வட்டாரத்தில் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தனர்.

அடுத்து நடந்ததுதான் இளையோர் அறிய வேண்டிய பகுதி. மஞ்சூரியாவின் இரயில் பாதைகள் ரஷ்யா, ஜப்பான், சீனா என மூன்று நாடுகளின் கையில் இருந்தன. நோயோ அந்த மூன்று பாதைகளிலும் பயணம் செய்தது. சீனாவால் சமாளிக்க முடியவில்லை என்றால், அதையே காரணம் காட்டி மற்ற இரு நாடுகளும் உள்ளே புகுந்துவிடும் நிலை. இத்தகைய சூழலில் சீன அரசு தன் செலவில் முக்டென் நகரில் அனைத்துலகப் பிளேக் மாநாட்டைக் கூட்டியது. 1911 ஏப்ரல் 3ஆம் தேதி தொடங்கிய அம்மாநாட்டில் 11 நாடுகளின் நிபுணர்கள் பங்கேற்றனர். பிளேக் கிருமியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜப்பானின் கிட்டாசாட்டோ அங்கே இருந்தார். ரஷ்யாவிலிருந்து பேராசிரியர் ஸபலோட்னி வந்தார். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ 32 வயது வு.

அவர்கள் பேசிக் கலைந்துவிடவில்லை. மணிலாவிலிருந்து வந்த அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராங், நோயாளிகள் இருமும்போது எதிரே ஆய்வுத் தட்டுகளைப் பிடித்து, கிருமி வெளியேறுவதைச் சோதனையில் காட்டினார். மாநாட்டின் முழு அறிக்கை மறு ஆண்டே மணிலாவில் அச்சாகி, எல்லாரும் படிக்கும்படி வெளிவந்தது.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. நோய் முதலில் எங்கிருந்து வந்தது? தோலுக்காக வேட்டையாடப்பட்ட மர்மோட் என்னும் விலங்கின் மீது சந்தேகம் இருந்தது. அணில் குடும்பத்தைச் சேர்ந்த அது, நிலத்தில் வளை தோண்டி வாழ்வது. அந்தக் கோடையிலேயே வுவும் ஸபலோட்னியும் ரஷ்ய, மங்கோலிய எல்லைப் புல்வெளிகளுக்குக் கூட்டாகச் சென்றனர். ரஷ்யக் குழு, நோயுற்ற ஒரு மர்மோட்டிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தது. தனியாக ஒரு நாடு தேடியிருந்தால், எல்லையின் ஒரு பக்கம்தான் தெரிந்திருக்கும்.

1912இல் சுங்க வருமானத்தைக் கொண்டு, ஹார்பினைத் தலைமையகமாகக் கொண்ட பிளேக் தடுப்புச் சேவை அமைந்தது. வு அதன் தலைவரானார். நோய் இல்லாத ஆண்டுகளிலும் அங்கே ஆராய்ச்சி நிற்கவில்லை. 1920, 1921இல் நுரையீரல் பிளேக் மீண்டும் தாக்கியபோது இறந்தவர்கள் ஏறக்குறைய 9,000 பேர். அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் முதல் முறை இறந்தோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுப்பணம் ஆராய்ச்சிக்குப் போவது வீண் என்று யாராவது கூறினால், நான் இந்த இரண்டு எண்களையும் சொல்வேன்.

நுரையீரல் பிளேக் குறித்து வு எழுதிய பெருநூலை 1926இல் நாடுகளின் கழகம் வெளியிட்டது. 1935இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1937இல் சீனாவில் போர் மூண்டதும் மலாயா திரும்பி, ஈப்போவில் மருந்தகம் நடத்தினார். முன்பு தமக்குப் பதவி தர மறுத்த ஊருக்கே சாதாரண டாக்டராக வந்து நோயாளிகளைக் கவனித்தார். 1960 ஜனவரி 21ஆம் தேதி பினாங்கில் காலமானார்.

இன்று பல்கலைக்கழகங்கள் நாடு கடந்து கூட்டாய்வு செய்வது வழக்கமாகிவிட்டது. அரசுகளும் அதற்கு நிதி ஒதுக்குகின்றன. அத்தகைய ஆய்வில் சேரும் வாய்ப்பு உங்களில் சிலருக்கு நாளை கிடைக்கலாம். உபகாரச் சம்பள விண்ணப்பத்தை நிரப்பும்போது, எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதோடு, எந்தக் கேள்வியை யாரோடு சேர்ந்து ஆராயலாம் என்பதையும் யோசியுங்கள். கிடைத்த முடிவை மறைத்து வைக்காமல் பகிருங்கள். முக்டென் மாநாடு வென்றது அதனால்தான்.