தேனீப் பெட்டி தந்த லாங்ஸ்ட்ரோத்

1810ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பிறந்தவர் லொரென்சோ லாங்ஸ்ட்ரோத். யேல் கல்லூரியிற் கற்றுக் கிறித்தவப் போதகரானார். மனச்சோர்வு நோய் அவரைப் பலகாலும் வருத்தியது. தேனீ வளர்ப்பே ஆறுதலாயிற்று.

அந்நாளிற் பெரும்பாலான கூடுகளின் உட்புறத்தைக் காண அடைகளை அறுத்தெடுத்தல் வேண்டும். ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடைவெளி விடின் தேனீக்கள் அதனை அடைக்கமாட்டா என்பதன் பயனை 1851இல் அவர் உணர்ந்தார். அவ்வளவின்படி, எடுத்துப் பார்த்து மீளவும் வைக்கத்தக்க சட்டங்களுடைய பெட்டியை ஆக்கி, 1852இற் காப்புரிமை பெற்றார். பிறரோ அவ்வுரிமையை மதியாது பெட்டி செய்து விற்றனர். அவருக்குத் தக்க ஊதியம் கிட்டவில்லை. 1895இல் டேட்டன் நகரில், அருளுரை ஆற்றுகையிலேயே உயிர் நீத்தார்.

வரோவா உண்ணி அவர் அறியாத பகை. 1904இலேதான் அவ்வினம், சாவகத்துத் தேனீயிடத்துக் கண்டு பெயரிடப்பட்டது. இன்று புழுவறைகளில் ஒளிந்திருக்கும் அவ்வுண்ணியைத் தேடி உயர்த்தும் ஒவ்வொரு சட்டமும் அப்பெரியார் விட்டுச்சென்ற கொடையே.