சாயர்புரத்தில் தோற்ற ஆசிரியர்

சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளம் வட்டாரத்தில், வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த குடும்பங்கள் நிறைய உண்டு. இரு மொழிகளில் புழங்குவதற்கு அங்கே எவரும் பயிற்சி வகுப்பு நடத்தியதில்லை. ஆனால், அதே தென்மாவட்டங்களின் கல்வி நிலையங்களில், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து நண்பனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பின்னரே, நீதிபதி கே.சந்துரு குழுவை அரசு அமைத்தது. பிற பண்பாட்டினரைப் புரிந்துகொள்ளும் திறன் பற்றிக் கல்லூரிகளில் இப்போது ஒருநாள் பயிலரங்குகள் நடைபெறுகின்றன. பேராசிரியர்களுக்குச் சான்றிதழும் கிடைக்கிறது. நம் பழைய நெல்லைச் சீமையிலேயே ஆசிரியப் பணியைத் தொடங்கிய ஒருவருக்கு அந்தத் திறன் வாய்க்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன. அவர் ஜி.யு.போப்.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820-இல் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்த போப், 1839-இல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. கப்பலேறும் முன்பே தமிழைக் கற்கத் தொடங்கியிருந்தார். சென்னையில் இராமாநுசக் கவிராயரிடம் இலக்கணமும் இலக்கியமும் பயின்றார். 1842-இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்துக்குச் சென்று, அங்கே ஒரு குருமடக் கல்வி நிலையத்தை வளர்த்தெடுத்தார். பனங்காட்டு ஊர்களின் பிள்ளைகளுக்கு கிரேக்கம், லத்தீன், எபிரேயம், கணிதம் ஆகியவற்றைக் கற்பித்தார். ஐரோப்பிய மாணவன் கற்பதைத் தமிழ் மாணவனும் கற்க இயலும் என்ற அவருடைய நம்பிக்கை அந்நாளில் அரிது.

ஆயினும் சாயர்புரத்தில் அவர் நிலைக்கவில்லை. மாணவர்கள் மீண்டும் மீண்டும் முரண்டுபிடித்தனர். சிறு சிறு கலகங்கள் தொடர்ந்தன. 1849-இல் அவர் வெளியேற நேர்ந்தது. அவருடைய கடுமையான கண்டிப்பே அதற்குக் காரணம் என்பது, உடன் பணியாற்றிய கால்டுவெல்லின் கணிப்பு. மாணவர்களின் மொழியை அவர்கள் வியக்கும் அளவுக்கு அறிந்த ஆசிரியருக்கு, அவர்களுடைய மனத்தை அறியும் பொறுமை இருக்கவில்லை. மொழி அறிந்தால் மக்களை அறிந்ததாகிவிடும் என்று நினைக்கும் நமக்கு இது சங்கடமான செய்திதான்.

1851 முதல் தஞ்சாவூரிலும் சண்டைதான். ஆனால், இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைச் சகித்துக்கொள்ளலாமா என்பதே அந்தச் சண்டையின் மையம். கூடாது என்பது போப்பின் நிலைப்பாடு. அதைத் தளர்த்திக்கொண்ட லுத்தரன் மிஷனரிகளை அவர் அச்சிலேயே தாக்கினார். அவருடைய குரலின் கடுமை பலரைப் புண்படுத்தியது உண்மை. எனினும், உள்ளூர்ப் பண்பாட்டை மதிப்பது என்ற பெயரில் சாதியோடு சமரசம் செய்துகொள்வதற்கு அவர் இணங்கவில்லை. இன்றைய பயிலரங்குகள் பெரும்பாலும் தொடாமல் நழுவும் இடம் இது.

பின்னர் உதகமண்டலத்திலும், பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் ஆசிரியராக இருந்துவிட்டு, 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார். அவருடைய வாழ்க்கையின் வளமான பகுதி அதன் பிறகே தொடங்குகிறது. 1884-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளரானார். இந்தியாவுக்கு அதிகாரிகளாக வரவிருந்த ஐ.சி.எஸ். பயிற்சியாளர்கள் அவருடைய மாணவர்கள். ஆளப்போகும் இளைஞர்களுக்கு, ஆளப்படுவோரின் மொழியைக் கற்பிக்கும் வேலை. ஏற்றத்தாழ்வு நிறைந்த அந்த ஏற்பாட்டுக்குள் இருந்துகொண்டே, 1886-இல் திருக்குறளையும், 1893-இல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், வள்ளுவரிடம் கிறிஸ்தவ போதனையின் சாயல் படிந்திருக்கலாம் என்று அவர் ஊகித்தார். தமிழறிஞர்கள் அதை ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. பிறருடைய செல்வத்தைக் கண்டு வியக்கும்போதே, அது தன் வீட்டிலிருந்து சென்றதாக இருக்குமோ என்று எண்ணுவது மனித இயல்பு போலும்!

பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டின் ஊக்கத்தால் அவர் கையிலெடுத்த திருவாசகம், 1900 ஏப்ரலில், அவருடைய எண்பதாவது பிறந்தநாளையொட்டி நிறைவுற்றது. தன் சமயத்தைக் கைவிடாத பாதிரியார் ஒருவர், மாணிக்கவாசகரின் உருக்கத்தைத் தமக்குரிய அனுபவம்போல் உணர்ந்து எழுதிய நூல் அது. ஜே.எம்.நல்லசாமிப் பிள்ளையின் 'சித்தாந்த தீபிகை' என்ற சைவ இதழ் போப்பின் எழுத்துகளுக்கு இடம் கொடுத்தது. தம் கருத்துகளை மறுக்கும் சைவ அறிஞர்களோடு ஓர் ஆங்கிலப் பாதிரியார் அங்கே நட்புடன் உரையாட முடிந்தது. சாயர்புரத்தில் மாணவர்களின் எதிர்ப்பைப் பொறுக்க முடியாதவரின் முதுமை இப்படி அமைந்தது.

1908 பிப்ரவரியில் போப் காலமானார். தம் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்னார் என்பது நம் மேடைகளில் தவறாமல் கேட்கும் கதை. ஆக்ஸ்போர்டின் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. அவர் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தார் என்பதும், அந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலிருந்த தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்பதுமே அதில் இருக்கின்றன.