வில்லியனூர் மாதாவும் குணமாகாத பெர்னதெத்தும்: லூர்து நகரின் நோயாளிப் பெண் யார்?

புதுச்சேரியிலிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் இருக்கிறது வில்லியனூர். அங்குள்ள லூர்து மாதா கோயிலின் குளத்து நீரைப் பாட்டிலில் பிடித்துப்போகிறவர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். ஈஸ்டருக்குப் பிறகு வரும் ஆண்டுப் பெருவிழாவில் கேட்கவே வேண்டாம். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் தாய், சக்கர நாற்காலியில் வரும் பெரியவர், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பையில் வைத்திருப்பவர் என்று கூட்டம் அலைமோதும். மதம் பார்த்து யாரும் வருவதில்லை.

இந்த வேண்டுதல்களுக்கெல்லாம் தொடக்கப்புள்ளி பிரான்ஸில் பிறந்த ஒரு நோயாளிப் பெண். அவருக்குக் கடைசிவரை குணமே ஆகவில்லை என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த பெர்னதெத்?

பெர்னதெத் சுபிரு 1844 ஜனவரி 7-ல் தென்மேற்கு பிரான்ஸின் லூர்து என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மாவு மில் நடத்தியவர். தொழில் நொடித்துப்போய் குடும்பம் தெருவுக்கு வந்தது. முன்பு சிறையாக இருந்து, மனிதர் தங்க லாயக்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரே அறையில்தான் மொத்தக் குடும்பமும் குடியிருந்தது. 1855-ல் ஊரில் காலரா பரவியபோது பெர்னதெத்துக்கும் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் ஆஸ்துமா வாழ்நாள் முழுக்க விடவில்லை. 14 வயதிலும் எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சும் சரியாக வராது, ஊர்ப் பேச்சுமொழிதான்.

1858-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு பிப்ரவரி 11-ல் தங்கையோடும் தோழியோடும் விறகு பொறுக்கப் போனார். ஆற்றோரத்து மசபியேல் குகையில் ஒரு பெண்ணின் காட்சி கண்டதாகச் சொன்னார். ஜூலை 16 வரை மொத்தம் 18 முறை. ஒருநாள் குகைக்குள் மண்ணைக் கையால் தோண்டினார். சேற்றுத் தண்ணீர் கசிந்து, பிறகு தெளிந்து ஓடியது. இன்றும் லூர்துக்குப் போகிறவர்கள் தேடிப்போவது அந்த ஊற்றைத்தான்.

போலீஸ் அதிகாரி விசாரித்தார். பங்குச் சாமியார் சந்தேகப்பட்டார். மூன்று டாக்டர்கள் பரிசோதித்தார்கள். பிரமையாக இருக்கலாம் என்று அவர்கள் ஐயப்பட்டாலும், அடைத்துவைக்கும்படியான நோய் எதுவும் இல்லை என்று முடித்தார்கள். அதே ஆண்டில் ஊற்றுநீரும் ஆய்வுக்குப் போனது. அது சாதாரணத் தண்ணீர்தான், மருத்துவக் குணம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. நான்கு ஆண்டு விசாரணைக்குப் பிறகு, 1862-ல் அப்பகுதி ஆயர் அந்தக் காட்சிகளை ஏற்றுக்கொண்டார்.

அவருக்கு ஏன் குணமாகவில்லை?

ஊருக்கே கூட்டம் திரண்டபோது பெர்னதெத் அங்கிருந்து விலகினார். 1866 ஜூலையில் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். போன சில மாதங்களிலேயே சாகும் நிலைக்குப் போய் மீண்டார். மடத்து மருத்துவ அறையில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. மூச்சுத்திணறலோடு மற்றவர்களின் புண்ணுக்குக் கட்டுப்போட்டவர், சில ஆண்டுகளில் தானே கட்டிலில் விழுந்தார். வலது முழங்காலில் எலும்புக் காசநோய் வந்து நடக்கவே முடியாமல் போனது.

1876-ல் லூர்துவில் பெரிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டபோதும் அவர் போகவில்லை. அதன்பிறகும் சொந்த ஊரை அவர் பார்க்கவே இல்லை. அந்த ஊற்று தனக்கானது அல்ல என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிப் பகுதியில், வில்லியனூரில், லூர்து மாதா கோயில் எழுந்தது 1877-ல். இங்கே முதல் வேண்டுதல்கள் ஒலித்த அந்த நாட்களில், நெவேர் மடத்தில் பெர்னதெத் வலியோடு படுத்திருந்தார். 1879 ஏப்ரல் 16, ஈஸ்டர் வாரத்துப் புதன்கிழமை, நாற்காலியில் சாய்ந்தபடியே உயிர் பிரிந்தது. வயது 35. 1933-ல் திருச்சபை அவரைப் புனிதர் ஆக்கியது.

மருத்துவத்துக்கு எதிரானதா?

இல்லை. 1883 முதல் லூர்துவில் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. குணமானதாகச் சொல்கிறவர்கள் தங்கள் மருத்துவ ஆவணங்களைக் காட்ட வேண்டும். நோய் கடுமையானதா, குணம் திடீரென்று வந்ததா, முழுமையானதா, நிலைத்ததா, சிகிச்சையால் வந்திருக்குமா என்று டாக்டர்கள் அலசுவார்கள். இதுவரை வந்த 7,000-க்கும் மேற்பட்ட அறிவிப்புகளில் திருச்சபை புதுமை என்று ஏற்றது 70-க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதாவது, போகிறவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அதே நோயோடுதான் திரும்புகிறார்கள்.

இன்று இது ஏன் முக்கியம்?

குணமாகவில்லை என்றால் விசுவாசம் போதாது, முன்னோர் செய்த பாவம் என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. மாற்றுத்திறனாளி பிள்ளையின் தாய்க்கு இந்தப் பேச்சு நோயைவிடப் பெரிய பாரம்.

பெர்னதெத்தின் வாழ்க்கை இதற்கு நேர் எதிராக நிற்கிறது. காட்சி கண்டவருக்கே உடல் குணமாகவில்லை. அதனால் அவருடைய விசுவாசம் குறைந்தது என்று திருச்சபை சொல்லவில்லை, புனிதர் என்றது. குணமாக்குவது ஒன்று, கைவிடாமல் கூட இருப்பது இன்னொன்று. மடத்து மருத்துவ அறையில் பெர்னதெத் செய்தது இரண்டாவது வேலை. லூர்துவிலும் சக்கர நாற்காலிகளுக்குத்தான் முன்வரிசை. முதல் காட்சி நடந்த பிப்ரவரி 11-ஐ, 1993 முதல் உலக நோயாளர் தினமாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது.

வில்லியனூருக்குப் போகிறவர்கள் தாராளமாகக் குளத்து நீரை எடுத்து வரலாம். அதோடு மாத்திரையையும் வேளை தவறாமல் போட வேண்டும். திரும்பி வரும்போது பிள்ளை நடக்கவில்லையே என்று கேட்கிறவர்களுக்கு, அந்தத் தாய் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல.