அறிஞர் அல்சைமர்

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் முதியவர் ஒருவர் வாழ்கின்றார் என்று கொள்வோம். நாற்பது ஆண்டுகள் தாம் உழுத வயலிலிருந்து வீடு திரும்ப ஒருநாள் வழி அறியாது திகைக்கின்றார். உண்டதை மறந்து, உணவு தரவில்லையெனச் சினக்கின்றார். இது மூப்பின் இயல்பு என்பர் சிலர். பித்து என்பர் வேறு சிலர். இரண்டும் அன்று, மூளையைப் பற்றும் நோய் இது. இவ்வுண்மையை உலகிற்குக் காட்டியவருள் தலையாயவர் அலோய்ஸ் அல்சைமர்.

இவர் 1864 ஆம் ஆண்டு சூன் 14 ஆம் நாள் செருமனியில் மார்க்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1887 இல் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் பணி ஏற்றார். மனநோயாளரைக் கட்டிவைத்தல் பல இடங்களில் அந்நாளைய வழக்கம். அம்மருத்துவமனையோ அதனைக் கைவிட்டிருந்தது. அல்சைமர் நோயாளரருகில் அமர்ந்து பொறுமையுடன் உரையாடுவார். இறந்தோரின் மூளையைச் சாயமேற்றி, நுண்ணோக்கியால் ஆராய்வார். நிசில் என்னும் அறிஞர் அவருக்கு உற்ற துணையாயினார்.

1901 ஆம் ஆண்டு அல்சைமர் தம் மனைவியை இழந்தார். மூன்று குழந்தைகளுடன் தனித்து நின்றார். அத்துயரிடையேயும் அவர் கடமை மறந்தாரல்லர். அவ்வாண்டு நவம்பரில் ஆகஸ்டே என்னும் ஐம்பத்தோரு வயது மாது அங்குச் சேர்க்கப்பட்டார். காட்டிய பொருளைச் சற்றைக்கெல்லாம் மறந்தார். தம் பெயரையும் எழுத இயலாது தடுமாறினார். நாள்தோறும் அவர் நிலையை அல்சைமர் குறித்துவைத்தார். 1906 இல் அம்மாது இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தபொழுது, சுருங்கிய மூளையில் புரதப் படிவுகளையும் சிக்குண்ட இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3 ஆம் நாள் தியூபிங்கன் நகரில் இதனை அவையோர்முன் விளக்கினார். அவையிலோ ஒரு வினாவும் எழவில்லை. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். 1910 இல் அறிஞர் கிரேப்பெலின் தம் மருத்துவ நூலில் அந்நோய்க்கு அல்சைமர் பெயரையே சூட்டினார்.

மறதிநோய் ஒருவகைத்தன்று. அல்சைமர் நோயில் அண்மை நிகழ்ச்சிகள் முதலில் மறையும். நோய் மெல்ல மெல்ல வளரும். மூளையின் குருதிக் குழாய்கள் பழுதுபடுதலால் வருவது மற்றொன்று. அது பெரும்பாலும் பக்கவாதத்தைத் தொடர்ந்து படிப்படியாக முற்றும். இதனையும் அல்சைமர் ஆராய்ந்துள்ளார். அவர்தம் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்த லூவி 1912 இல் கண்ட நுண்துகள்களால் அறியப்படுவது மூன்றாவது. இதில் இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும், உடலும் விறைக்கும். பிக் என்னும் அறிஞர் 1892 இல் விளக்கிய வகையில் நினைவுக்கு முன்னரே நடத்தையும் பேச்சும் மாறும்.

இன்று மருத்துவர் உறவினரை வினவியும், நினைவைச் சோதித்தும், குருதியை ஆய்ந்தும், மூளையைப் படமெடுத்தும் நோயைத் தெளிகின்றனர். தைராய்டுக் குறை, வைட்டமின் பி 12 குறை, மனச்சோர்வு முதலியவற்றால் வரும் மறதியைப் பெரும்பாலும் தீர்க்கலாம். ஆதலின், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். ஏனையவற்றை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. சில மருந்துகள் துன்பத்தைத் தணிக்கும். குருதி அழுத்தத்தையும் நீரிழிவையும் அடக்குதலும், ஒழுங்கான அன்றாட நடைமுறையும், உற்றாரின் அன்பும் பெருந்துணையாம்.

1912 இல் பிரெசுலாவ் பல்கலைக்கழகப் பேராசிரியரான அல்சைமர், 1915 திசம்பர் 19 ஆம் நாள் தம் ஐம்பத்தோராம் வயதில் மறைந்தார். மாணவர்களே! உங்கள் பாட்டனார் கேட்டதையே நூறுமுறை கேட்பினும் சினவாதீர், நகையாதீர். நோயாளியின் அருகமர்ந்து பொறுமையுடன் கேட்ட அப்பெரியாரை நினைந்து, நூற்றோராம் முறையும் இன்முகத்துடன் விடை கூறுங்கள்.