கௌரவ நீதிபதி அன்னை மீனாம்பாள் சிவராஜ்

நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் சமுதாயத்துப் பெண்மக்களுள் முதல் வரிசையில் நின்று தொண்டாற்றிய அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்களின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக இளைஞர்களுக்கு எடுத்துரைத்தல் நம் கடமையாகும். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பெயரை அறியாத மாணவர் நம்மிடையே இல்லை. ஆனால் அவ்வண்ணலால் உடன்பிறவாச் சகோதரியாக மதிக்கப்பெற்ற இவ்வம்மையாரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

அம்மையார் 1904ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் பர்மா நாட்டின் இரங்கூன் நகரில் பிறந்தார். தந்தையார் வாசுதேவப் பிள்ளை, தாயார் மீனாட்சி அம்மையார். கடல் கடந்து சென்று வணிகத்தால் பெரும்பொருள் ஈட்டி, தமிழ்ப் புலவர்களை ஆதரித்துக் கொடைவள்ளல் எனப் பெயர் பெற்ற பெ. மா. மதுரைப் பிள்ளை அவர்களே பாட்டனார். தாய்நாட்டில் தெருவில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுள் ஒருவர், அயல்நாட்டில் புலவர்களைப் புரக்கும் செல்வராக உயர்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. தந்தையார் வாசுதேவப் பிள்ளையும் சென்னை மாநகராட்சி மன்றத்தில் நம் மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர். பொதுத்தொண்டு அம்மையாருக்குப் பிறந்தகத்துச் சீதனம் எனலாம்.

1918ஆம் ஆண்டு ந. சிவராஜ் அவர்களுக்கும் அம்மையாருக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகளுக்கு அப்போது வயது 13 மட்டுமே. பெண்ணின் திருமண வயதை 14 என வரையறுத்த சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. இளமையில் மணம் முடிந்த பெண்களுக்கு அடுக்களையே உலகம் என்றிருந்த காலம் அது. ஆயினும் சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும் பின்னர்ச் சென்னை மாநகரத் தந்தையாகவும் விளங்கிய கணவர், மனைவியாரைப் பொதுமேடைக்கு வராது தடுத்தாரல்லர். வீட்டுப் பெண்ணை மேடையேற்றத் தயங்கும் ஆடவர் இன்றும் நம்மிடையே உண்டு. அவர்கள் சிவராஜ் அவர்களை நினைத்துக்கொள்வது நலம்.

அம்மையாரின் முதல் மேடைப் பேச்சு 1928இல், சைமன் குழுவை ஆதரித்து நிகழ்ந்தது. காங்கிரசு இயக்கம் அக்குழுவைப் புறக்கணித்த வேளையில் இவ்வாறு பேசியதைக் குறை கூறுவாரும் உளர். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க உரிமையற்றவர்கள், தம் குறையைக் கேட்க வந்தவரிடம் அதனைச் சொல்லாது வேறு எவரிடம் சொல்வது? 1937ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் நடைபெற்ற திருநெல்வேலி மாவட்ட ஆதிதிராவிடர் மாநாட்டிற்கு அம்மையார் தலைமை தாங்கினார். மறு ஆண்டு, இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மூண்டிருந்த வேளை, நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் தமிழ்க்கொடியை உயர்த்தியவரும் இவரே. ஈ. வெ. ராமசாமி அவர்களைப் பெரியார் என்று அழைப்பதெனத் தீர்மானித்தது அம்மாநாடுதான்.

அம்மையார் ஏற்ற பொறுப்புகளுள் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது கௌரவ நீதிபதிப் பதவியாகும். இப்பதவிக்கு ஊதியம் கிடையாது. சட்டத் தேர்வு எழுதியவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பொதுமக்களுள் நன்மதிப்புப் பெற்றோரை அரசு நியமிக்கும். அவர்கள் சிறு குற்ற வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு வழங்குவர். சிறார் குற்றங்களைப் பெரியோர் குற்றங்களினின்று பிரித்து நோக்கும் சட்டம் இந்தியாவிலேயே முதன்முதலாக 1920இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. பிழை செய்த பிள்ளையைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்த வேண்டும் என்னும் எண்ணம் பரவிய அக்காலத்தில், நீதிபீடத்தில் பெண்களும் அமர வேண்டும் என்ற கருத்தும் வலுப்பெற்றது. அத்தகைய பீடத்தில் நம் குலமகள் ஒருவர் 16 ஆண்டுகள் அமர்ந்திருந்தார். நீதிமன்றத்தில் கைகட்டி நின்றே பழகிய மக்களுக்கு அக்காட்சி எத்தகைய நெஞ்சுரம் அளித்திருக்கும்! 1974 ஏப்ரலில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கௌரவ நீதிபதி முறை பழைய வடிவில் இல்லாமற் போயிற்று.

இரண்டாம் உலகப் போர் அம்மையாரின் பிறந்த நகரையும் விட்டுவைக்கவில்லை. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது சப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் அவர்கள் கைப்பட்டது. பல்லாயிரம் தமிழர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினர். வழியில் மாண்டோரும் பலர். நம் வட ஆர்க்காட்டுப் பகுதியோ படைக்கு ஆள் அனுப்பிய பகுதி. போர் முடிந்து ஊர் திரும்பியோருக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. போருக்குப் பிந்தைய மறுவாழ்வுக் குழுவில் உறுப்பினராக இருந்து அம்மையார் பணி புரிந்தார்.

1942 சூலையில் நாகபுரியில் அகில இந்திய செட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் தோன்றியது. அதன் தலைவர் சிவராஜ் அவர்கள். 1944 செப்டம்பரில் அண்ணல் சென்னைக்கு வந்தபோது, சம்மேளனப் பெண்கள் மாநாடு அம்மையாரின் தலைமையில் கூடியது. 1945 மே 6ஆம் நாள் பம்பாயில் நடைபெற்ற பெண்கள் மாநாட்டிற்கும் அவரே தலைவர். தமிழகத்துப் பெண்மணி ஒருவர் மராட்டிய மண்ணில் திரண்ட பெண்களுக்குத் தலைமை தாங்கினார் என்பதை நம் மாணவியர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

அம்மையார் வேண்டிய உரிமைகளுள் பல பின்னர்ச் சட்டமாயின. 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டம் வருமுன், நம் அண்ணாமலையார் கோயிலின் கோபுரத்தைத் தொலைவில் நின்று கண்டு கைகூப்பித் திரும்பியோர் நம் முன்னோர். சட்டம் வந்துவிட்டால் கதவு தானே திறந்துவிடும் என்பதில்லை. இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டது 2023ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாளில்தான். அதுவும் மாவட்ட ஆட்சியரும் காவலரும் உடனிருக்க.

1956இல் அண்ணல் மறைந்தார். அவர் காண விரும்பிய இந்தியக் குடியரசுக் கட்சி 1957இல் அமைந்தபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற சிவராஜ் அவர்கள், 1964இல் காலமானார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்திருந்த அம்மையார், 88 அகவை நிறைவதற்கு ஒரு திங்களும் இல்லாத நிலையில், 1992ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இயற்கை எய்தினார்.