மால்கம் ஆதிசேசையா

மால்கம் ஆதிசேசையா (ஏப்ரல் 18, 1910 – நவம்பர் 21, 1994) தமிழகத்தைச் சேர்ந்த பொருளியலாளரும் கல்வியாளரும் ஆவார். யுனெசுக்கோவின் துணைத் தலைமை இயக்குநராகவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கும் முறை தமிழகத்தில் தொடங்கப்பட்டதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கல்வி

வேலூரில் பிறந்தார். ஊரீசு கல்லூரியிலும் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் கேம்பிரிட்சு கிங்சு கல்லூரியிலும் பொருளியலில் உயர்கல்வி பெற்றார். கல்கத்தா தூய பவுல் கல்லூரியில் விரிவுரையாளராகவும் இருந்தார்.

தாம்பரத்தில்

1940களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் இருந்தார். இக்கல்லூரி 1937 ஆம் ஆண்டு சென்னை நகரிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்திருந்தது. தாம்பரம் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஏரிப்பாசன வேளாண்மையும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோர மீன்பிடிப்பும் அம்மாவட்ட மக்களின் வாழ்வாதாரங்களுள் அடங்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் கல்லூரியாக இது அமைந்திருந்தது. ஆயினும் பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தன. கல்லூரியைச் சூழ்ந்த ஊர்களின் பொருளாதாரத்தை ஓர் ஆசிரியர் தாமாகவே பாடமாக்கித் தேர்வு வைக்க இம்முறையில் இடமில்லை.

யுனெசுக்கோவில்

1946 இல் கல்லூரியை விட்டுச் செனீவா சென்று உலகப் பல்கலைக்கழகச் சேவை அமைப்பில் பணியாற்றினார். 1948 இல் யுனெசுக்கோவில் சேர்ந்து அதன் தொழில்நுட்ப உதவித் திட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1958 இல் யுனெசுக்கோ வழியாகக் கிடைத்த சோவியத் உதவியுடன் தொடங்கப்பட்டது. 1963 முதல் 1970 வரை துணைத் தலைமை இயக்குநராக இருந்தார். 1970 இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அமைவதற்கும் துணைநின்றார்.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்

ஓய்வுபெற்று நாடு திரும்பிய இவர், துணைவியார் எலிசபெத்துடன் இணைந்து, சொந்தச் சேமிப்பைக் கொண்டு 1971 இல் அடையாற்றில் இந்நிறுவனத்தை நிறுவினார். தமிழகப் பொருளாதாரத்தை ஆராயும் மாத இதழ் ஒன்றும் இங்கிருந்து வெளிவந்தது. 1977 இல் இது நடுவண், மாநில அரசுகளின் ஆதரவு பெற்ற தேசிய ஆய்வு நிறுவனமாயிற்று.

தன்னாட்சிக் கல்லூரிகள்

1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். தகுதியுள்ள கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்க வேண்டும் என்று கோத்தாரிக் கல்விக்குழு (1964–66) பரிந்துரைத்திருந்தது. அதனைச் செயற்படுத்தும் முயற்சிகளை ஆதிசேசையா முன்னெடுத்தார். 1978 இல் தமிழகத்தின் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. சென்னைக் கிறித்துவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியன அவற்றுள் அடங்கும். இக்கல்லூரிகள் பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு ஆகியவற்றைத் தாமே அமைத்துக்கொண்டன. பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் வழங்கியது.

இம்முறை எதிர்ப்பையும் சந்தித்தது. தனியார் நிர்வாகங்களின் அதிகாரம் கூடும், ஆசிரியர்களின் பாதுகாப்புக் குறையும் என்று ஆசிரியர் சங்கங்கள் வாதிட்டன. பாடத்தை வகுக்கும் உரிமை கற்பிப்பவருக்கா, நிர்வாகத்துக்கா என்னும் கேள்வி தன்னாட்சி குறித்த விவாதங்களில் பின்னரும் எழுந்தது.

பிற பணிகள்

மேல்நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் ஆராய்ந்த தேசிய மீளாய்வுக் குழுவுக்கு 1978 இல் தலைமை வகித்தார். அதே ஆண்டு மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு 1984 வரை உறுப்பினராக இருந்தார். 1976 இல் பத்ம பூசண் விருது பெற்றார். யுனெசுக்கோவின் எழுத்தறிவு விருதுகளுள் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.

நூல்கள்

* லெட் மை கன்ட்ரி அவேக் (1970)
* இட் இசு டைம் டு பிகின் (1972)